ஆம்னி வேன்ல வந்த ஏர்லைன்ஸ் முதலாளி

அன்னைக்கு எனக்குக் குடுத்த வேலை ரொம்பச் சாதாரண வேலைங்க. மதுரை ஏர்போர்ட்டுக்குப் போகணும். ரெண்டு பேரை ஏத்தணும். திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டு வரணும். வர்ற வழியில மல்லிகைப்பூ வாங்கணும். அம்புட்டுதான்.

இதுல என்ன வில்லங்கம் வந்துறப் போகுதுன்னுதானே நெனைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். பேரு சேவியர். பைபாஸ் ஓரமா பட்டறை வச்சு, பஸ்ஸுக்கு சீட்டு தைக்கிறேன். நீங்க வடமதுரைக்கோ பழனிக்கோ பஸ்ல போகும்போது, சீட்டுல உக்கார்ந்ததும் 'அய்யோ'ன்னு எந்திரிச்சிருந்தீங்கன்னா, அது நான் தச்ச சீட்டா இருக்கலாம். மன்னிச்சிருங்க.

இது ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருஷம் கழிச்சு நடந்த கதை. ஆளாளுக்குப் பிளேன் கம்பெனி ஆரம்பிச்ச காலம். நேத்து வரைக்கும் வேற தொழில் பார்த்தவன்லாம் இன்னைக்குப் பிளேன் விடுவான். நாளைக்கு அதை இன்னொருத்தன்கிட்ட வித்துட்டுப் போயிருவான்.

அப்பத்தான் எங்க அண்ணன் மக ரோஸ்லினுக்கு ஒரு வரன் வந்துச்சு. மாப்பிள்ளை பேரு ஆல்பர்ட். சொந்த ஊரு ஆயக்குடி, கொய்யாத் தோப்பு இருக்கு. பையன் பிளேன் ஓட்டுறாரு! அன்னைக்கு மத்தியானம் அவங்க வீட்டு ஆளுங்க பேசி முடிக்க வர்றாங்க.

காலையிலயே அண்ணன் என்னை அடுப்படிக்குப் பின்னால கூப்பிட்டாரு. அவரு ஹெட்மாஸ்டரு. ரகசியம் பேசுனாக்கூட ப்ரேயர்ல பேசுற மாதிரிதான் இருக்கும்.

"டேய் சேவியரு, மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க ரெண்டு பேரு மதுரையில வந்து எறங்குறாங்க. அவங்களும் பைலட்டுதான். நீ போயிக் கூட்டிட்டு வா."

"சரிண்ணே."

"வர்ற வழியில மாப்பிள்ளையப் பத்தி விசாரி."

"இனிமேயா? இன்னும் விசாரிக்கவே இல்லையாண்ணே?"

"எங்க போயிடா விசாரிக்கிறது?"

அவரு கேட்டதும் நியாயந்தான். எங்க ஊர்ல மாப்பிள்ளை விசாரிக்கணும்னா, அவரு வேலை பாக்குற ஆபீஸுக்கு எதுத்த டீக்கடையில போயி உக்காருவோம். ரெண்டு டீ, ஒரு வடை, மொத்த ஜாதகமும் கைக்கு வந்துரும். ஆகாசத்துல வேலை பாக்குறவனுக்கு எந்த டீக்கடைன்னு தேடுறது?

"ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிச்சிருவாங்கடா. தடை ஏதாச்சும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்டச் சொல்லுங்கன்னு சபையில கேட்ட பெறகு, பொண்ணு வீட்டுக்காரன் நாமளே எந்திரிச்சு நிக்க முடியுமா? இன்னைக்கே தெரிஞ்சாகணும். ஆனா பொண்ணுக்குச் சித்தப்பான்னு மட்டும் சொல்லிராத. சொன்னா, பையன் தங்கக் கம்பிம்பாங்க. எவனோ ஒருத்தன் மாதிரி கேளு."

"வீட்டுக்கு வந்ததும் தெரிஞ்சிருமேண்ணே?"

"அதுக்குள்ள விசாரிச்சு முடிச்சிரு!"

ஹெட்மாஸ்டர் மூளை.

கெளம்புறப்போ அண்ணன் என் கையப் புடிச்சாரு. "முக்கியமா ஒண்ணுடா. வெளிநாட்டுக்குப் போற யோசனை இருக்கான்னு பாரு. எனக்கு இருக்கிறது ஒத்தப் பொண்ணு." அதைச் சொல்லும்போது அவரு குரலு கம்மிப்போச்சு. எனக்கும் சங்கடமா இருந்துச்சு. ரோஸ்லினு என் தோள்ல வளந்த புள்ள. சரிண்ணே, அக்குவேறா ஆணிவேறா விசாரிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டு ஆம்னி வேனை எடுத்தேன்.

ஏர்போர்ட்ல ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டே வெளிய வந்தாங்க.

ஒருத்தரு பெரிய மீசை. மாப்பிள்ளையோட கம்பெனியிலேயே பிளேன் ஓட்டுறாரு. இன்னொருத்தரு கறுப்புக் கண்ணாடி. அவரு எதிர்க் கம்பெனி. மூணு பேரும் ஒண்ணாப் படிச்சவங்களாம். மீசை கம்பெனிப் பிளேனுக்கு வாலு மஞ்சள், கண்ணாடி கம்பெனிக்குப் பச்சை. நமக்கு வாலு தெரிஞ்சா போதும். பொண்ணு வீட்டுல கூட்டிட்டு வரச் சொன்னாங்கன்னு மட்டும் சொல்லி வேன்ல ஏத்துனேன்.

பின் சீட்டுல ஏறி உக்காந்ததும் கண்ணாடி சொன்னாரு, "மச்சான், எழுதி வச்சுக்கோ. உங்க கம்பெனியை எங்க கம்பெனி வாங்கிரும்."

"நீங்களா? உங்க பிளேனுக்குப் பெட்ரோல் போடவே கடன் சொல்றாங்களாம்டா. நாங்கதான் உங்களை வாங்குவோம்."

நான் வண்டிக் கண்ணாடியில அவங்களப் பார்த்துச் சிரிச்சேன். "தம்பிகளா, அந்த ஆல்பர்ட்டுத் தம்பியும் உங்க கூடத்தானா? ஆளு எப்படி?"

"ஆல்பர்ட்டா? ரெண்டு கம்பெனியும் சேர்ந்தா மொதல்ல அடி வாங்குறது அவன்தான் சார்" அப்படின்னாரு மீசை.

"எதுக்கு?"

"ரெண்டு கம்பெனி பைலட்டையும் ஒரே லிஸ்ட்ல போடுவாங்க. சீனியர் மேல, ஜூனியர் கீழ. எங்களுக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்த அவன்தான் கடைசி. கடைசியில இருக்கிறவனுக்கு வேலையே இருக்குமோ என்னமோ."

"அது சரி தம்பி. பழக்கவழக்கம்லாம்?"

"அதான் சார், எங்க மேனேஜ்மென்ட்டு பழக்கவழக்கமே சரியில்ல!"

சமயநல்லூர் வரைக்கும் இதே கதைதான். நான் மாப்பிள்ளை குடும்பத்தைக் கேட்டா, அவங்க கம்பெனியோட வம்சாவளியச் சொல்றாங்க. யாரு யாரை வாங்குவான், எவன் எவனை முழுங்குவான், எந்த ஏர்லைன்ஸு தீபாவளியத் தாண்டாது. ரெண்டு பேருக்கும் எல்லாமே தெரியுது! ஆனா கேட்டா, "எங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்றதில்ல சார்"ங்கிறாங்க.

அப்ப மீசை குரலத் தணிச்சு ஒரு சேதி சொன்னாரு. "இன்னொரு பேச்சும் ஓடுது மச்சான். தெற்குப் பக்கம் ஒரு பஸ் முதலாளி எங்க கம்பெனியை வாங்கப் போறாராம். பேரு வெளிய வரல. அவரே ரகசியமா ஆளுங்களை விசாரிச்சிட்டு இருக்காராம்."

நான் அப்ப ஒரு மணல் லாரிய முந்திக்கிட்டு இருந்தேன். காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல.

லாரியத் தாண்டுனதும் நான் பாட்டுக்கு ஆரம்பிச்சேன். "தம்பி, ஆல்பர்ட்டுக்குச் சம்பளமெல்லாம் ஒழுங்கா வருதா? கடன் கிடன் இருக்கா? இந்தக் கம்பெனியில நெலையா இருப்பாரா?"

பின்னாடி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க.

மீசை மெதுவா கேட்டாரு. "சார்... நீங்க என்ன பண்றீங்க?"

நான் சித்தப்பான்னு சொல்லக் கூடாது. சீட்டு தைக்கிறேன்னு சொல்லலாம்தான். ஆனா பிளேன் ஓட்டுறவங்ககிட்டப் போயி ஊசி நூலுன்னு சொல்ல வாய் வரல. "பஸ்ஸு வச்சிருக்கேன்" அப்படின்னுட்டேன்.

"எத்தனை பஸ் சார்?"

எத்தனைன்னு சொல்றது? ஒண்ணுன்னா கேவலம். நூறுன்னா அடுத்த கேள்வி வரும். "எண்ணுறதில்ல தம்பி" அப்படின்னேன்.

கண்ணாடிக்காரரு கறுப்புக் கண்ணாடியக் கழட்டிட்டாரு.

அதுக்கப்புறம் அந்த வேன்ல எனக்குக் கெடச்ச மரியாதை இருக்கே, எங்க வீட்டுல கெடச்சிருந்தா நான் பட்டறைக்கே போயிருக்க மாட்டேன்! மீசை நிமிந்து உக்காந்தாரு. கண்ணாடிக்காரரு சட்டை பட்டனைப் போட்டாரு. வேன்ல ஏசி கெடையாது, வேர்த்து ஊத்துது. "ஜன்னலத் தொறங்க தம்பி"ன்னேன்.

"பார்த்தியாடா" அப்படின்னு மீசை காதைக் கடிக்கிறது எனக்கு நல்லாவே கேக்குது. "அத்தனை பஸ் வச்சிருக்காரு, ஏசி இல்லாத ஆம்னியில வர்றாரு. இவங்கதான்டா ஏர்லைன்ஸ் நடத்த முடியும்!"

வாடிப்பட்டியில டீ குடிக்க எறங்குனோம். ஒரு டீய ரெண்டா ஊத்திக் குடுங்கன்னு கடைக்காரர்கிட்டச் சொன்னேன். எனக்கு அரை டீ போதும், அதுக்குத்தான் சொன்னேன். "காஸ்ட் கட்டிங்!" அப்படின்னாரு கண்ணாடி, பக்தியோட.

கொடைரோடு பக்கத்துல பூ வாங்குனேன். பூக்கார அம்மாகிட்ட வழக்கம்போல மல்லுக்கு நின்னேன். "ஏலே, இம்புட்டுப் பேரம் பேசுறவன் பிளாஸ்டிக் பூவ வச்சுக்கிட்டுப் போ"ன்னு அந்தம்மா விரட்டுனாங்க. நான் திரும்பிப் பார்த்தா, ரெண்டு கேப்டனும் கையக் கட்டிக்கிட்டுப் பாடம் கேக்குற மாதிரி நிக்கிறாங்க!

அப்பத்தான் என்னமோ சரியில்லையேன்னு எனக்கு லேசா உறைச்சுச்சு. வண்டி ஓட்டிக்கிட்டே, "ஒரு பிளேன்ல எத்தனை சீட்டு தம்பி? ரெக்ஸினா துணியா? எத்தனை வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறீங்க?" அப்படின்னு கேட்டேன். தொழில் ஆசைதான், வேறென்ன. மீசை உடனே, "சார் சீட் வரைக்கும் போயிட்டாரு. டீல் முடிஞ்சிருச்சுடா" அப்படின்னு முனகுனாரு.

அட, இவங்க நம்மளை அந்த பஸ் முதலாளின்னு நெனச்சுட்டாங்க!

அந்த எடத்துலேயே வண்டிய ஓரங்கட்டி உண்மையச் சொல்லியிருக்கணும். சொல்லல. ஏன்னு கேக்குறீங்களா? சுகமா இருந்துச்சுங்க! பொறந்ததுல இருந்து என்னை ஒருத்தர் 'சார்'னு கூப்பிட்டது, ஆஸ்பத்திரியில டோக்கன் நம்பர் சொல்லும்போதுதான்.

அதோட, வேலையும் நடக்க ஆரம்பிச்சிருச்சு. முதலாளின்னதும் மீசை தானாவே மாப்பிள்ளையப் பத்தி வத்தி வைக்க ஆரம்பிச்சாரு. லிஸ்ட்ல தன் பேரு மேல வரணும்ல!

"ஆல்பர்ட் நல்ல பையன்தான் சார். ஆனா டீம் ஸ்பிரிட் கெடையாது. பார்ட்டின்னா வரவே மாட்டான். ஒரு சொட்டு தொட மாட்டான்."

"அப்படியா!" ஸ்டியரிங்கை இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

"ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிருவான் சார்."

"அடப்பாவமே" அப்படின்னேன், சந்தோஷத்த மறைச்சுக்கிட்டு.

"கொய்யாப் பறிக்கிற சீசன்ல, அம்மா தனியாக் கஷ்டப்படுவாங்கன்னு லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிருவான். கம்பெனி மேல அக்கறையே கெடையாது. மழை மேகம் சரியில்லன்னா, மேனேஜர் கத்துனாலும் பிளேனை எடுக்க மாட்டான். சொன்ன பேச்சு கேக்காதவன் சார்."

கண்ணாடியும் சேர்ந்துக்கிட்டாரு. "சம்பளம் வந்ததும் பாதிய அப்பாவுக்கு அனுப்பிருவான் சார். அவனுக்கு ஆம்பிஷனே இல்ல."

எனக்கு வேன்ல எந்திரிச்சு ஆடணும் போல இருந்துச்சு. தங்கக் கம்பி! ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுவாங்க. நான் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கேன், அத்தனை உண்மையும் வந்து விழுகுது!

அப்பத்தான் மீசை கடைசிக் குண்டைப் போட்டாரு.

"இதெல்லாம் விடுங்க சார். அவன் துபாய்க் கம்பெனிக்குப் போகப் போறான். ஆர்டரே வந்துருச்சு. நம்ம கம்பெனியை யாரோ வாங்கி மூடிருவாங்கன்னு எல்லாரும் பேசுனதுல பயந்துட்டான்."

துபாயா!

அண்ணன் குரலு கம்முனது ஞாபகத்துக்கு வந்துச்சு. ரோஸ்லினு அம்புட்டு தூரம் போயிருவாளேன்னு பதறிட்டேன். அந்தப் பதட்டத்துல, சாமி சத்தியமா, யோசிக்காம வாயில வந்ததச் சொல்லிட்டேன்.

"துபாயெல்லாம் எதுக்கு? கம்பெனிய யாரும் மூடப் போறதில்ல. யார் வேலையும் போகாது. நான் சொன்னேன்னு சொல்லுங்க!"

மீசை அப்பவே போன எடுத்து ஆல்பர்ட்டுக்கு மெசேஜ் அடிச்சாரு.

சின்னாளபட்டி தாண்டும்போதுதான் நான் என்ன சொல்லியிருக்கேன்னு எனக்கே புரிஞ்சுச்சு. பஞ்சு, ரெக்ஸின் தவிர வேற எதுக்கும் நான் பொறுப்பு எடுத்தது கெடையாது. இப்ப ஒரு ஏர்லைன்ஸையே காப்பாத்துறதா வாக்குக் குடுத்திருக்கேன்! ஊரு நெருங்க நெருங்க வண்டிய மெதுவா ஓட்டுனேன். ஒரு மாட்டு வண்டி என்னை முந்திட்டுப் போச்சு.

வீட்டு வாசல்ல வேனு நின்னதும், மாப்பிள்ளையே ஓடி வந்து கதவத் தொறந்தாரு. பின்னாடியே அவங்க அப்பா, கையில ஒரு கூடை கொய்யாப்பழம். பொண்ணு வீட்டுக்குக் கொண்டு வந்த கூடை!

"ஏனுங்க, நீங்கதானுங்களா பிளேன் கம்பெனி வாங்குறவங்க? இந்தாங்க, நம்ம தோப்புப் பழமுங்க" அப்படின்னு என் கையில குடுத்துட்டாரு.

அண்ணன் படியில நின்னுக்கிட்டு என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்க்கிறாரு. வாய் தொறந்தது மூடல.

"சார், உங்க மெசேஜ் வந்துச்சு" அப்படின்னாரு மாப்பிள்ளை, மொகமெல்லாம் சிரிப்பு. "துபாய்க்காரங்களுக்கு இப்பத்தான் போன் போட்டு, நான் வரலைன்னு சொல்லிட்டேன் சார்!"

கூடை கைய விட்டு நழுவிருச்சு. வாசலெல்லாம் கொய்யாப்பழம் உருளுது.

"சேவியரு, என்னடா இது?" அப்படின்னாரு அண்ணன்.

"சேவியரா? உங்களுக்கு இவரைத் தெரியுங்களா?" அப்படின்னாரு மாப்பிள்ளையோட அப்பா.

"தெரியாம என்ன? என் கூடப்பொறந்த தம்பி. பஸ்ஸுக்கு சீட்டு தைக்கிறான்."



மீசை என்னைப் பார்த்தாரு. கண்ணாடி தன் கண்ணாடிய எடுத்து மறுபடி மாட்டிக்கிட்டாரு.

மாப்பிள்ளையோட அப்பாவுக்கு மொகம் செவந்துருச்சு. "வெளையாட்டுங்களா இது? எம்பையன் பொழப்புங்க! துபாய்க்குப் போகச் சொல்லி நானே எத்தனை நாளாச் சொல்லிட்டு இருந்தேன். சீட்டு தைக்கிறவரு பேச்சைக் கேட்டு வந்த வேலைய விட்டுட்டானேங்க! கெளம்பு, போலாம்" அப்படின்னு வாசல்ல நின்ன சம்சாரத்தக் கூப்பிட்டாரு.

அண்ணன் படியிலேயே உக்காந்துட்டாரு. என் வாயால ரோஸ்லின் கல்யாணம் நின்னா, இந்த வீட்டுல நான் எப்படி மொகத்தக் காட்டுவேன்? வேற வழியில்ல, நடந்தது மொத்தத்தையும் ஒப்பிச்சிட்டேன்.

"அய்யா, நான் பண்ணது தப்புதான். மாப்பிள்ளைய விசாரிக்கணும்னு பொய் சொல்லிட்டேன். ஆனா முதலாளின்னு நெனச்சு இவங்க சொன்ன குத்தமெல்லாம் கேளுங்க. தம்பி குடிக்க மாட்டாராம். ஒன்பது மணிக்குத் தூங்கிருவாராம். மேகம் சரியில்லன்னா எவன் கத்துனாலும் பிளேனை எடுக்க மாட்டாராம். பாதிச் சம்பளம் உங்களுக்கு வந்துருதாம். கொய்யாப் பறிப்புக்கு அம்மா தனியாக் கஷ்டப்படுவாங்கன்னு லீவு போட்டுட்டு வந்துருவாராம்!"

மாப்பிள்ளையோட அம்மா படக்குனு திரும்புனாங்க. "இதையெல்லாம் ஆருங்க சொன்னது?"

நான் மீசையக் காட்டுனேன். மீசை பாவம், வேனுக்குள்ள திரும்பி ஏறப் பார்த்தாரு. அந்தம்மா அவரு ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. "எம்பையனைப் பத்தி இத்தனை நல்லதா யாருமே சொன்னதில்லீங்க கண்ணு!"

மாப்பிள்ளை மீசையப் பார்த்த பார்வைய நான் இங்க எழுத மாட்டேன்.

அதுக்குள்ள ரோஸ்லின் வாசலுக்கே வந்துட்டா. குனிஞ்சு பழத்தைப் பொறுக்கிக்கிட்டே நேரா மாப்பிள்ளைகிட்டக் கேட்டா. "இப்பவே போன் பண்ணி, தெரியாமச் சொல்லிட்டேன், வாரேன்னு சொல்லிருங்களேன். எங்க சித்தப்பா ஒரு லூசு, நீங்க எதுக்கு நஷ்டப்படணும்?"

லூசுதான். ஒத்துக்கிறேன்.

மாப்பிள்ளை போனை எடுத்தாரு. எல்லாரும் அவரையே பார்க்கிறோம். அவரு அதைக் கொஞ்ச நேரம் கையில வச்சுப் பார்த்துட்டு, பையில போட்டுட்டாரு.

"வேண்டாங்க. வரலைன்னு சொன்னதும் மனசு லேசாயிருச்சுங்க. எனக்குப் போகவே இஷ்டமில்ல. அப்பாகிட்டச் சொல்லத்தான் தைரியமில்லாம இருந்தேன்."

அவங்க அப்பா எதோ சொல்ல வந்தாரு. அந்தம்மா ஒரு பார்வை பார்த்தாங்க. அவரு குனிஞ்சு கொய்யாப்பழம் பொறுக்க ஆரம்பிச்சுட்டாரு.

"உங்க கம்பெனிய நெசமாவே வேற யாராச்சும் வாங்கி மூடிட்டா?" அப்படின்னு கேட்டா ரோஸ்லின்.

"தெரியலைங்க" அப்படின்னாரு மாப்பிள்ளை.

காலையில இருந்து நான் பைலட்டுகளோட பேசிட்டு இருக்கேன். 'தெரியல'ன்னு ஒருத்தர் சொல்லி அப்பத்தான் கேட்டேன். ரோஸ்லினுக்கும் அது புடிச்சிருக்கணும். "சரி, உள்ள வாங்க. சாப்பாடு ஆறுது" அப்படின்னுட்டு ஒரு பழத்தக் கடிச்சுக்கிட்டே போயிட்டா. அண்ணன் எந்திரிச்சு நின்னு கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. அப்புறம் என் முதுகுல ஒண்ணு வச்சாரு. அது பாசமா கோவமான்னு இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

ஞாயித்துக்கிழமை கோயில்ல ஓலை வாசிச்சாங்க. யாரும் தடை சொல்லல. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு.

கொஞ்ச நாள்ல மஞ்ச வாலும் பச்ச வாலும் நெசமாவே ஒண்ணாச் சேர்ந்துருச்சு. யாரு யாரை வாங்குனாங்கன்னு மீசைக்கும் கண்ணாடிக்கும் இன்னும் தீராத சண்டை. மாப்பிள்ளைக்கு வேலை போகல. லிஸ்ட்ல கடைசிதான். கொய்யா சீசனுக்கு இப்பவும் லீவு போடுறாரு.

இப்ப எங்க சொந்தத்துல யாரு மாப்பிள்ளை பார்த்தாலும் எங்கிட்ட யோசனை கேக்க வர்றாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொல்றது: நல்ல மாப்பிள்ளைன்னா அவனை அவன் முதலாளிக்குப் புடிக்கக் கூடாது.